மகளை ஆராய்ச்சிக்கு அனுப்பலாமா?

மும்பைத் தமிழ் வாசகர்களின் கேள்விகளுக்கு, நகரின் ஆய்வு நிறுவனம் ஒன்றில் இம்யூனாலஜி (உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியை ஆராயும் துறை) பிரிவில் பணியாற்றும் பேராசிரியை பதில் சொல்கிறார்.

நான் தாராவியில் இட்லி வியாபாரம் செய்கிறேன். மகள் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முதல் வகுப்பில் தேறிவிட்டாள். வேலைக்குப் போவாள் என்று இருந்தோம். இப்போது பிஎச்.டி. பண்ண வேண்டும் என்கிறாள், அதுவும் இம்யூனாலஜியில். இன்னும் ஐந்தாறு வருஷம் நான் பணம் கட்ட வேண்டுமா? வயது 23 ஆகிறது, கல்யாணப் பேச்சும் நடக்கிறது. அனுப்பலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் மேடம்.
— தாராவி வாசகர்

அனுப்புங்கள்.

ஒரே வார்த்தை கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். ஆனால் அந்த வார்த்தையை நம்பி மகளின் ஐந்தாறு வருஷத்தை ஒப்படைக்கப் போகிறீர்கள். அதனால் காரணங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பணம். பிஎச்.டி. என்றால் இன்னொரு காலேஜ், இன்னொரு ஃபீஸ் என்று நினைக்கிறீர்கள். என் அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். அவர் மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அறிவியலில் முழுநேர ஆய்வு மாணவிக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்விலோ மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் பெட் தேர்விலோ ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) தகுதி பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். பிறகு 42,000 ரூபாய். 2023 ஜனவரி முதல் இந்தக் கணக்கு. விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப் படி தனியாக வரும். கட்டணத்தை அவளே அதிலிருந்து கட்டிக்கொள்ளலாம். வீட்டுக்கும் கொஞ்சம் கொடுக்கலாம். ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்: இந்தப் பணம் ஒன்றாம் தேதி கைக்கு வராது. பல மாதத் தொகை மொத்தமாக வந்து சேருவதும் நடக்கும். முதல் வருஷத்தில் அவள் பெயரில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் செய்ய வேண்டிய முதலீடு அவ்வளவுதான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்கிறேன். உதவித்தொகை இல்லாமல், “இப்போது சேர்ந்துகொள், பணம் பிறகு பார்க்கலாம்” என்று யாராவது கூப்பிட்டால் அனுப்பாதீர்கள். அது எவ்வளவு பெரிய இடமாக இருந்தாலும் சரி. தேர்வில் தேறும்வரை ஓர் ஆய்வுத் திட்டத்தில் சம்பளத்துக்கு உதவியாளராகச் சேரட்டும். வேலையும் பழகும், அந்த இடத்தின் குணமும் தெரியும்.

சாதிச் சான்றிதழ் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தாராவியிலிருந்து வருகிற பிள்ளைகள் பலர் இதில் கடைசி நேரத்தில் மாட்டிக்கொள்வதால் சொல்கிறேன். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியாக உள்ள குடும்பம் மும்பையில் குடியேறினால், மகாராஷ்டிர மாநிலச் சலுகைகளுக்கு அந்தச் சான்றிதழ் செல்லாது. மத்திய அரசின் நிறுவனங்களிலும் தேர்வுகளிலும் செல்லும். உங்கள் சான்றிதழை வைத்து, பூர்வீக மாநிலத்தைக் குறிப்பிட்டு, மகள் பெயரில் சான்றிதழ் வாங்க வேண்டும். விண்ணப்பம் போடும் வாரத்தில் இதற்கு அலைய முடியாது. இப்போதே தொடங்குங்கள்.

கல்யாணம். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி பிஎச்.டி.யை முடிக்க அதிகபட்சம் 6 ஆண்டுகள். அனுமதி பெற்று இன்னும் 2 ஆண்டுகள் நீட்டிக்கலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டுகள் சலுகை உண்டு. மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். ஆக, கல்யாணம் ஆனால் படிப்பு போய்விடும் என்பதும், படித்தால் கல்யாணம் போய்விடும் என்பதும் சட்டத்தில் இல்லை. வீடுகளில்தான் இருக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: ராத்திரி ஒன்பது மணிக்கும் வருவாள், பத்து மணிக்கும் வருவாள், சில ஞாயிற்றுக்கிழமைகளிலும் போவாள், அவள் பார்ப்பது வேலை என்று. அதைக் கேட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். எந்த நிறுவனம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்தக் கைடு, அதாவது எந்த ஆய்வு வழிகாட்டி, என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் வீட்டிலிருந்து லோக்கல் ட்ரெயின், பஸ்ஸில் போய் வரும் தூரத்திலேயே எத்தனை இடங்கள் இருக்கின்றன! பரேலில் ஹாஃப்கின் நிறுவனம், ஐ.சி.எம்.ஆரின் இனப்பெருக்க ஆரோக்கிய ஆய்வு நிறுவனம், கே.இ.எம். மருத்துவமனை வளாகத்தில் ரத்தவியல் ஆய்வு நிறுவனம். பவாயில் ஐ.ஐ.டி. கொலாபாவில் டி.ஐ.எஃப்.ஆர். டிராம்பேயில் பி.ஏ.ஆர்.சி. கார்கரில் டாடா நினைவு மையத்தின் ஆக்ட்ரெக். எல்லாமே நல்ல பெயர் பெற்ற இடங்கள். ஆனால் ஒரே கட்டடத்தில், ஒரே மாடியில், ஒரு லேபில் பிள்ளைகள் முகம் மலர்ந்து வேலை செய்வதையும் பக்கத்து லேபில் வாடிப்போய் உட்கார்ந்திருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் கைடுதான். சேருவதற்கு முன் அந்த லேபில் இப்போது படிக்கிற மாணவர்களை வெளியே, ஒரு டீக்கடையில் வைத்துப் பேசச் சொல்லுங்கள். இதற்கு முன் சேர்ந்தவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், பாதியில் போனவர்கள் ஏன் போனார்கள், முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், கைடு வாரம் எத்தனை முறை உட்கார்ந்து பேசுவார் என்று கேட்கட்டும். பதில் சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான். பெண்ணைக் கட்டிக்கொடுக்க எவ்வளவு விசாரிப்பீர்களோ அவ்வளவு விசாரியுங்கள் ஐயா.

நான் கல்யாணில் பி.எஸ்சி. பயோடெக் கடைசி வருஷம் படிக்கிறேன். இம்யூனாலஜி ஆராய்ச்சிக்குப் போக எம்.எஸ்சி.யும் இம்யூனாலஜியிலேயே எடுக்க வேண்டுமா? நெட் கோச்சிங்குக்கு நிறையப் பணம் கேட்கிறார்கள். கட்டாமல் தேற முடியுமா அக்கா?
— கல்யாண் மாணவி

தேவையில்லை தங்கை. பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, விலங்கியல், எதிலிருந்தும் வரலாம். நான் எம்.எஸ்சி. படித்தது மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில். 1980களில் நாட்டில் முதன்முதலாகப் பயோடெக் எம்.எஸ்சி. தொடங்கிய சில இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே இம்யூனாலஜி எங்களுக்கு ஒரேயொரு தாள்தான். ஆனால் அந்தத் தாளுக்கு லேப் வகுப்பு ஒழுங்காக இருந்தது. நீயும் எம்.எஸ்சி. தேர்ந்தெடுக்கும்போது பட்டத்தின் பெயரைப் பார்க்காதே. கடைசி செமஸ்டர் முழுக்க ஆய்வு வேலை கொடுக்கிறார்களா, மாணவிக்குத் தனியாகப் பிப்பெட் கையில் கிடைக்குமா, இல்லை பதினைந்து பேர் சுற்றி நின்று ஆசிரியர் செய்வதைப் பார்ப்பார்களா என்று விசாரி. உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவு தரும் எம்.எஸ்சி. இடங்களுக்கு காட்-பி என்ற நுழைவுத்தேர்வு உண்டு. அங்கே சேர்ந்தால் படிக்கும்போதே மாத உதவித்தொகையும் கிடைக்கும். அதைக் கட்டாயம் எழுது.

நெட் தேர்வு. லைஃப் சயின்ஸ் தாள் 200 மதிப்பெண். மூன்று பகுதிகளாக 145 கேள்விகள் வரும், அதில் 75க்கு மட்டும் பதில் எழுதினால் போதும். மூன்றாம் பகுதியில்தான் தலையெழுத்தே இருக்கிறது: 75 கேள்விகளில் 25, ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண், தவறினால் 1 மதிப்பெண் போய்விடும். அந்தக் கேள்விகள் மனப்பாடத்துக்கு மசியாதவை. ஒரு பரிசோதனையைச் சொல்லி, ஒரு படத்தைக் கொடுத்து, இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்று கேட்பார்கள். அதனால் பாடத்திட்டத்தின் பதின்மூன்று அலகுகளையும் விழுந்து விழுந்து படிக்காதே. ஆறேழு அலகுகளை அடிவரை படி. இம்யூனாலஜி நான்காவது அலகில் வருகிறது. பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசம், ஐ.ஐ.டி.கள் தரும் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களும் இலவசம். இரண்டு மூன்று தோழிகளாகச் சேர்ந்து, வாரம் ஒரு நாள் ஒருத்திக்கொருத்தி பாடம் சொல்லிக்கொடுங்கள். கோச்சிங் கட்டித் தேறியவர்களும் உண்டு, கட்டாமல் தேறியவர்களும் உண்டு. அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டாதே.

கோடை விடுமுறைக்கு நாட்டின் அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டத்துக்கும், டி.ஐ.எஃப்.ஆரின் மாணவர் திட்டத்துக்கும் விண்ணப்பி. இரண்டு மாதம் லேபில் நின்று பார். இந்த வேலை உனக்கு ஒத்துவருமா என்று எந்தத் தேர்வும் சொல்லாது, அந்த இரண்டு மாதம் சொல்லிவிடும்.

பெரியம்மை ஒழிந்தாயிற்று. கொரோனாவுக்கு ஒரே வருஷத்தில் ஊசி வந்துவிட்டது. இம்யூனாலஜியில் இனி கண்டுபிடிக்க என்ன மிச்சம் இருக்கிறது என்று பேத்தியைக் கேட்டேன். கோபித்துக்கொண்டாள். நீங்கள் சொல்லுங்கள்.
— ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், மாட்டுங்கா

உங்கள் தோளில் ஒரு பி.சி.ஜி. தழும்பு இருக்கும், தொட்டுப் பாருங்கள். காச நோய்க்கான அந்தத் தடுப்பூசி முதன்முதலாக மனிதருக்குக் கொடுக்கப்பட்டது 1921இல். நூறு வருஷம் தாண்டியும் அது எப்படி வேலை செய்கிறது, சில இடங்களில் ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு முழு விடை இல்லை.

இந்தக் கதையில் பெரிய அத்தியாயம் நம் ஊரில் நடந்தது. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கான மக்களைச் சேர்த்து உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. ஆய்வைத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் அந்த ஊசி முக்கால் பங்குக்கு மேல் பாதுகாப்பு தந்திருந்தது. செங்கல்பட்டில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காச நோயைத் தடுப்பதில் பலன் எதுவும் தெரியவில்லை. பதினைந்து ஆண்டு தொடர்ந்து கண்காணித்த பிறகும் அதே முடிவுதான். குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காச நோயை இந்த ஊசி தடுக்கிறது, அதனால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறோம். ஆனால் செங்கல்பட்டில் பெரியவர்களிடம் ஏன் பலிக்கவில்லை? நம் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் காச நோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள் முன்பே நம் உடம்பைப் பழக்கிவிடுகின்றன என்று ஒரு விளக்கம் உண்டு. அது ஒரு பகுதி மட்டும்தான் என்று நினைக்கிறேன். ஒருவருடைய நுரையீரலில் கிருமி வருஷக்கணக்காக அடங்கிக் கிடக்கிறது, பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்கு ஆறே மாதத்தில் கிளம்பிவிடுகிறது. இந்த இருவரின் ரத்தத்துக்கும் என்ன வித்தியாசம்? ஒரு சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) எட்டுப் பேர் ஒரே அறையில் படுக்கும் இந்த நகரத்துக்கு இதைவிட அவசரமான கேள்வி எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் இருக்கும் மாட்டுங்காவிலிருந்து இரண்டு மூன்று ஸ்டேஷன் தள்ளிப் பரேல். அங்கே இருக்கும் ஆய்வு நிறுவனத்துக்குப் பெயர் தந்த விஞ்ஞானி ஹாஃப்கின், பிளேக் ஊரைக் காலி செய்துகொண்டிருந்த 1896இல் மும்பைக்கு வந்தார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கிக் கொடுத்த சின்ன இடத்தில் சில மாதங்களில் தடுப்பூசி செய்து, 1897 ஜனவரி 10 அன்று முதலில் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். அவர் ஊசி வேகமாக வந்தது. எதிர்ப்புச் சக்தி எப்படி உண்டாகிறது என்பது புரிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. உங்கள் பேத்தி செய்யப்போவது அந்த இரண்டாவது வேலை. அவளிடம் செங்கல்பட்டைப் பற்றிக் கேளுங்கள், கோபம் தணிந்து பேசுவாள்.

என் மகன் ஆராய்ச்சி மாணவன். காலையில் எட்டு மணிக்குப் போனால் ராத்திரி பதினொரு மணிக்கு வருகிறான். “செல்லுக்குச் சாப்பாடு போடணும்மா” என்று ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகிறான். அப்படி அங்கே என்னதான் செய்கிறார்கள்?
— செம்பூர் இல்லத்தரசி

அம்மா, உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. பிள்ளைகளை ஆராய்ச்சிக்கு அனுப்பிய வீடுகளில் இதை யாரும் விளக்குவதில்லை.

அவன் மனித ரத்தத்தில் வேலை செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து ரத்தம் வரும். நேரம் ஆக ஆக அதில் உள்ள செல்கள் மாறத் தொடங்கும், அதனால் வந்தவுடன் கை வைத்தாக வேண்டும். ஃபைகால் என்ற திரவத்தின் மேல் ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக, குழாயின் ஓரமாக விடுவான். கலந்துவிட்டால் அன்றைய வேலை போச்சு. பிறகு செண்ட்ரிஃபியூஜில் அரை மணி நேரம் சுற்றும். நிறுத்தும்போது பிரேக் போடக் கூடாது, தானாக நிற்க வேண்டும். அவசரப்பட்டால் அடுக்குகள் கலைந்துவிடும். வெளியே எடுத்தால் சிவப்பு அணுக்கள் அடியில், மஞ்சள் பிளாஸ்மா மேலே, நடுவில் மெல்லிய வெள்ளை வளையம். அந்த வளையத்துக்குத்தான் இத்தனை பாடும். கிருமியோடு சண்டை போடும் டி செல், பி செல் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. 10 மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ ஒரு கோடி செல்கள் தேறும். கழுவி, ஒரு துளிக்கு நீலச் சாயம் கலந்து, நுண்ணோக்கியில் எண்ணுவான். செத்த செல் நீலமாகும், உயிருள்ளது ஆகாது.

அதற்குள் மணி ஒன்று, ஒன்றரை ஆகியிருக்கும். பிறகு அந்தச் செல்களுக்குக் கிருமியின் துணுக்கைக் காட்டி, உடம்பின் சூடான 37 டிகிரியில் வைத்துக் காத்திருக்க வேண்டும். ஐந்தாறு மணி நேரம். பல பரிசோதனைகளில் மூன்று நாள், ஐந்து நாள். அதன்பின் ஒளிரும் சாயம் ஒட்டிய ஆன்டிபாடிகளை (குறிப்பிட்ட அடையாளத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் புரதங்களை) சேர்த்து, ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற இயந்திரத்தில் விடுவான். செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளியைக் கடந்து போகும். எந்தச் செல் விழித்துக்கொண்டது, எது சும்மா இருந்தது என்று நொடிக்கு ஆயிரக்கணக்கில் கணக்கெடுக்கும். அந்த இயந்திரம் விலை அதிகம், பல லேபுகளுக்கு ஒன்றுதான் இருக்கும். அவனுக்குக் கிடைத்த நேரம் ராத்திரி எட்டு மணி என்றால் எட்டு மணிக்குத்தான். பதினொரு மணிக்கு வீடு வருவது அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் உண்மை. தட்டில் வளரும் செல்களுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புதுத் திரவம் மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் கூடுதல் வேதனை: ஜூன் வந்தாலே மும்பைக் காற்றில் பூஞ்சை ஏறிவிடும், ஒரு விதை உள்ளே விழுந்தால் மூன்று வாரம் வளர்த்ததைக் கொட்ட வேண்டியதுதான். அப்படியொரு நாளில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தால் என்ன ஏது என்று துருவாதீர்கள். சாப்பாட்டை எடுத்து வையுங்கள், சாப்பிட்டபின் அவனாகவே சொல்வான். லேபில் எலிகளில் வேலை செய்கிறவனாக இருந்தால் அந்த நாள்கள் இன்னும் கனமானவை. நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஓர் எலியைக்கூடத் தொட முடியாது. அனுமதி இருந்தாலும் மனசு சும்மா இருப்பதில்லை.

நான் பிஎச்.டி. மூன்றாம் ஆண்டு. முதல் வருஷம் வந்த நல்ல ரிசல்ட் இப்போது திரும்ப வரவே மாட்டேன் என்கிறது. “உன் கையில்தான் கோளாறு” என்கிறார் கைடு. வாரக்கணக்கில் என்னோடு பேசுவதில்லை. தூக்கம் இல்லை. ஊரில் எல்லோரும் டாக்டர் ஆகப்போகிறாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.
— பெயர் வேண்டாம், மும்பை

மகளே, முதலில் தூக்கம். தொடர்ந்து தூக்கம் இல்லை என்றால் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம். உங்கள் நிறுவனத்தில் மனநல ஆலோசகர் இருந்தால் இந்த வாரமே போய்ப் பார். அங்கே போக மனம் ஒப்பவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். அரசு நடத்துவது, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு ஒரு நிமிஷம் வந்தால்கூட, மீதிப் பதிலைப் படிக்காமல் அந்த எண்ணை அழைத்துவிடு.

இப்போது உன் ரிசல்ட். திரும்ப வராத ரிசல்ட்டும் ஒரு செய்திதான்; உன் கை மேல் அதைத் தீர்ப்பாக எழுதக் கூடாது. இந்தத் துறையின் பெரிய வரலாறு ஒன்று அப்படித்தான் நடந்தது. எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும் டி செல்கள் உண்டு என்று 1970களில் நிறையப் பேர் எழுதினார்கள். 1980களில் அந்த ரிசல்ட்டுகள் பல நிற்கவில்லை, துறையே அந்தப் பேச்சைக் கைவிட்டது. ஜப்பானில் சக்காகுச்சி மட்டும், இன்னும் தெளிவான அடையாளம் கிடைத்தால் நிற்கும் என்று விடாமல் தேடி, 1995இல் சி.டி.25 என்ற அடையாளத்தோடு அந்தச் செல்களைக் காட்டினார். 2025இல் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவரோடும் சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு. உன் ரிசல்ட் நோபல் வாங்கும் என்று ஆறுதல் சொல்ல நான் இதை எழுதவில்லை. ஒரு ரிசல்ட் நிற்கவில்லை என்றால் எது மாறியது என்று தேட வேண்டும். ஆளைத் திட்டி ஆகப்போவது எதுவும் இல்லை.

தேடு. முதல் வருஷம் பயன்படுத்திய ஆன்டிபாடியின் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) என்ன, இப்போது என்ன? சீரம் மாறியதா? செல்களில் மைகோபிளாஸ்மா என்ற நுண்கிருமி இருக்கிறதா என்று கடைசியாக எப்போது சோதித்தார்கள்? கண்ணுக்குத் தெரியாத அந்தத் தொற்று எத்தனையோ தீசிஸ்களைத் தின்றிருக்கிறது. வேறு லேபில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம் குழாய்களுக்கு எண் மட்டும் எழுதிக் கொடுத்து, எது எது என்று சொல்லாமல் ஒருமுறை செய்து பார்க்கச் சொல். அவருக்கும் வரவில்லை என்றால் கோளாறு உன் கையில் இல்லை. முதல் வருஷ ரிசல்ட்டே தற்செயலாக இருந்திருக்கலாம். அது வலிக்கும், ஆனாலும் அது விடை. பிடிக்காத எண்களை நீக்கிவிட்டுப் படம் போடு என்று யார் சொன்னாலும், எந்த நிலையிலும் செய்யாதே.

கைடு. யு.ஜி.சி. விதிப்படி உனக்கு ஓர் ஆலோசனைக் குழு இருக்க வேண்டும், ஒவ்வொரு செமஸ்டரும் அவர்கள் முன் உன் வேலையை வைக்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்காதே. குழுவில் உனக்குக் கொஞ்சமாவது நம்பிக்கை உள்ள ஒருவருக்கு இமெயில் எழுதி, தனியாக நேரம் கேள். போகும்போது குறை சொல்லும் பட்டியலோடு போகாதே. செய்த பரிசோதனைகள், தேதிகள், வராத ரிசல்ட்டுகள் எல்லாவற்றையும் நாலு பக்கத்தில் எழுதிக்கொண்டு போ. இணை வழிகாட்டி கேட்கலாம், கேள்வியைச் சுருக்கலாம், கைடை மாற்றவும் வழி உண்டு. 2022 விதிகளில், தீசிஸ் கொடுக்குமுன் கட்டுரை வெளிவந்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். உங்கள் நிறுவனம் தனியாக விதி வைத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். வராத ரிசல்ட்டை நேர்மையாக எழுதிய நல்ல தீசிஸ்களை நான் பரிசோதகராக ஏற்றுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இத்தனையும் செய்தபிறகும் போக வேண்டும் என்று தோன்றினால், போ. மூன்று வருஷத்தில் கற்ற செல் கல்ச்சரும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும் உன்னோடு வரும், மருந்துக் கம்பெனிகளிலும் பரிசோதனைக் கூடங்களிலும் அதற்கு வேலை இருக்கிறது. ஊர் என்ன சொல்லும் என்பதற்காக மட்டும் அங்கே இருக்காதே. இந்தப் பத்திரிகை முகவரிக்கே மறுபடி எழுது, எனக்கு வந்து சேரும்.

அண்ணனுக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். கீமோவுக்குப் பிறகு திரும்ப வந்துவிட்டது. மும்பையிலேயே கண்டுபிடித்த செல் சிகிச்சை இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?
— முலுண்ட் வாசகி

உண்மை. கார்-டி செல் சிகிச்சை என்பார்கள். நோயாளியின் ரத்தத்திலிருந்தே டி செல்களைப் பிரித்து, சி.டி.19 என்ற அடையாளம் உள்ள செல்களைத் தேடித் தாக்கும்படி ஒரு மரபணுவைச் சேர்த்து, பெருக்கி, திரும்ப அவருக்கே ஏற்றுவார்கள். அமெரிக்காவில் 2017இல் அனுமதி கிடைத்தது. இங்கே பவாய் ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கியதை 2021 ஜூனில் கார்கர் ஆக்ட்ரெக்கில் முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள். நெக்ஸ்கார்19 என்ற பெயரில் 2023 அக்டோபரில் அனுமதி வந்தது. வெளிநாட்டு விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அப்படியும் பல லட்சம்.

எல்லாப் புற்றுநோய்க்கும் இது இல்லை. பி செல் வகை லிம்போமா, லுக்கீமியா, அதிலும் வழக்கமான சிகிச்சைக்குப் பிறகு திரும்பியவர்களுக்கு. அண்ணனுடையது பி செல் வகையா என்று பயாப்ஸி அறிக்கையிலேயே இருக்கும்; செல்களில் சி.டி.19 இருக்கிறதா என்பது அதில் இல்லாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதை எடுத்துக்கொண்டு ரத்தப் புற்றுநோய் மருத்துவரிடம் தாமதிக்காமல் கேளுங்கள். கடும் காய்ச்சல், ரத்த அழுத்தம் சரிதல் போன்ற பக்க விளைவுகள் வரலாம், பி செல்கள் குறைவதால் தொற்றும் எளிதில் வரும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லோருக்கும் பலிப்பதில்லை. பலித்தவர்கள் வீட்டுக்கு நடந்து போனதை இந்த நகரம் பார்த்திருக்கிறது.

தம்பிக்கு ஆபரேஷனுக்காக ரத்தம் சோதித்தபோது முதலில் ‘ஓ’ என்றார்கள், பிறகு ‘பாம்பே குரூப்’ என்றார்கள். பயமாக இருக்கிறது. இதற்கும் உங்கள் படிப்புக்கும் சம்பந்தம் உண்டா?
— சயான் கோலிவாடா வாசகி

நிறையவே உண்டு. இதைக் கண்டுபிடித்துச் சொன்னதே நம் நகரத்து மருத்துவர்கள்தான். டாக்டர் பெண்டேயும் உடன் இருந்தவர்களும் 1952இல் எழுதினார்கள். சிவப்பு அணுவின் மேல் எச் என்றொரு பொருள் இருக்கும். சுவரில் ஆணி இருந்தால்தான் சட்டையை மாட்ட முடியும்; அதுபோல எச் இருந்தால்தான் ஏ-வும் பி-யும் அதில் ஏறும். ஓ குரூப் என்பது ஆணி மட்டும் உள்ளவர்கள். உங்கள் தம்பிக்கு அந்த எச்சே இல்லை. சாதாரணச் சோதனையில் ஓ போலத் தெரியும். ஆனால் அவர் உடம்பு எச்சைப் பகையாக நினைத்து ஆன்டிபாடி வைத்திருக்கும், அதனால் ஓ ரத்தம் ஏற்றினாலும் ஆபத்து. பாம்பே குரூப் ரத்தம் மட்டும்தான் ஏற்றலாம். இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கும் என்பார்கள்.

பயப்பட வேண்டியது இல்லை; இது நோய் அல்ல. அவசரம் இல்லாத ஆபரேஷன் என்றால் தேதிக்கு முன்பே ரத்த வங்கியில் சொல்லி ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள், தம்பியின் ரத்தத்தையே முன்கூட்டி எடுத்து வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். இது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்து சேர வேண்டிய குணம். அதனால் உங்களுக்கும் மற்ற உடன்பிறப்புகளுக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. உங்கள் பெற்றோர் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டியவர்கள் என்றால், அந்த உறவுக்காரர்களுக்கும் சொல்லுங்கள். எல்லோரும் ஒருமுறை எச் ஆன்டிஜென் சோதனை செய்துகொள்ள வேண்டும். பாம்பே குரூப் என்று வந்தவர்கள் ரத்த வங்கியில் பெயரைப் பதிந்து வையுங்கள். குரூப்பை எழுதிய அட்டை தம்பியின் பர்ஸில் எப்போதும் இருக்கட்டும்.